ஆங்கிலத்தில் சரியான பர்ஃபெக்ட் டென்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி: தமிழ் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல்களில்கூட ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: "ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே." எழுத்துப்பிழை இல்லை, பொருளும் புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இதைப் படித்ததும் ஒரு நொடி நிற்பார். "ஹேட் சென்ட்" என்று பார்த்தவுடன், 'சரி, அப்புறம் என்ன ஆனது?' என்று அவர் மனம் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கும். அடுத்த வாக்கியத்தில் ஒன்றுமே நடக்காது. "நன்றி, வணக்கம்" என்று கடிதம் முடிந்துவிடும்.

இதை எழுதியவருக்கு விதி தெரியாமல் இல்லை. கேட்டால் பாஸ்ட் பர்ஃபெக்டின் இலக்கணத்தை மனப்பாடமாகச் சொல்வார். அவர் மனதில் ஓடிய வாக்கியம் "நேற்றே அனுப்பியிருந்தேன்". அது சரியான, அழகான தமிழ். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோதுதான் இடறியது. எனவே இந்த வழிகாட்டியில் விதிகளை மட்டும் அடுக்கப்போவதில்லை. தமிழ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே வழி பிரிகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களை அவற்றின் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயத்தில் காது பழகுவதுதான் பாதி வேலை.

முதலில், நம்மிடம் ஏற்கெனவே இருப்பது

வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன், வந்திருப்பேன். இந்த நான்கையும் நாம் யோசிக்காமலே சரியான இடத்தில் பயன்படுத்துகிறோம். வினையெச்சத்தோடு 'இரு' என்ற துணைவினையைச் சேர்த்து, அந்த இருவை மூன்று காலத்திலும் மாற்றுகிறோம். ஆங்கிலம் இதே வேலையை 'ஹேவ்' என்ற சொல்லை வைத்துச் செய்கிறது. ஹேவ் அல்லது ஹேஸ் வந்தால் பிரசன்ட் பர்ஃபெக்ட், ஹேட் வந்தால் பாஸ்ட் பர்ஃபெக்ட், வில் ஹேவ் வந்தால் ஃபியூச்சர் பர்ஃபெக்ட். கூடவே வினையின் மூன்றாவது வடிவம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்.

உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்' இங்கே எப்படி வந்தது? தொடக்கத்தில் அது உண்மையிலேயே உடைமையைத்தான் குறித்தது. "எழுதி முடித்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது" என்ற பொருளில் இருந்த அமைப்பு, காலப்போக்கில் "கடிதம் எழுதியிருக்கிறேன்" என்று மாறியது. பழைய ஆங்கிலத்தில் வருவது, போவது போன்ற வினைகளுக்கு ஹேவுக்குப் பதிலாக நம் 'இரு' மாதிரியான சொல்லே துணைக்கு வரும். அதன் மிச்சம் இன்றும் "ஹி இஸ் கான்" என்பதில் இருக்கிறது. ஆக இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில்தான் புறப்பட்டிருக்கின்றன: முன்பே முடிந்த ஒரு செயல், அதன் விளைவு கையில் இருக்கும் ஒரு நேரம்.

இந்த இரண்டாவது நேரம்தான் முக்கியம். ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-ல் டென்ஸ்களை மூன்று நேரங்களாகப் பிரித்துக் காட்டினார். செயல் நடந்த நேரம் ஒன்று, நாம் பேசும் நேரம் ஒன்று, நாம் மனதால் நின்று பார்க்கும் நேரம் இன்னொன்று. சிம்பிள் பாஸ்டில், அதாவது 'வந்தேன்' போன்ற சாதாரண இறந்தகாலத்தில், செயல் நடந்த இடத்திலேயே போய் நின்று பார்க்கிறோம். பிரசன்ட் பர்ஃபெக்டில் இப்போது, இங்கே நின்றபடி பின்னால் திரும்பிப் பார்க்கிறோம். பாஸ்ட் பர்ஃபெக்டில் கடந்த காலத்தில் ஒரு புள்ளியில் நின்று அதற்கும் பின்னால் பார்க்கிறோம். ஃபியூச்சர் பர்ஃபெக்டில் எதிர்காலத்துக்குப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறோம். மூன்று பர்ஃபெக்டிலும் செய்வது ஒன்றுதான், திரும்பிப் பார்ப்பது. நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு விதியும் தனித்தனி விதியாகத் தெரியாது.

படி 1: எங்கே நிற்கிறீர்கள்?

எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. இந்த வாக்கியத்தைப் படிப்பவரின் கண்ணை நான் எங்கே நிறுத்துகிறேன்?

"ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்று சொல்பவர் பூட்டிய கதவின் முன் நிற்கிறார். சாவி இப்போது இல்லை, உள்ளே போக முடியவில்லை, அதுதான் செய்தி. "ஐ லாஸ்ட் மை கீ" என்று தொடங்குபவர் ஒரு கதை சொல்லப்போகிறார். எங்கே தொலைந்தது, யார் கண்டெடுத்தார், எப்படிக் கிடைத்தது என்று கதை போகும். சாவி இப்போது அவர் சட்டைப்பையிலேயே இருக்கலாம். தொலைந்த சாவி ஒன்றுதான், பார்வை மட்டும் வேறு.

செய்தி வாசிப்பதைக் கவனித்துக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். முதல் வரி பெரும்பாலும் பர்ஃபெக்டில் இருக்கும்: "தேர் ஹேஸ் பீன் ஆன் ஆக்சிடென்ட் ஆன் தி ஹைவே." இப்போது தெரியவேண்டிய செய்தி அது. அடுத்த வரியிலிருந்து சிம்பிள் பாஸ்ட்: "எ லாரி ஹிட் எ பஸ் அட் சிக்ஸ் திஸ் மார்னிங்." கதவைத் திறப்பது பர்ஃபெக்ட், உள்ளே நடப்பது சிம்பிள் பாஸ்ட். நீங்கள் எழுதும் மின்னஞ்சலுக்கும் இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தும். "வி ஹேவ் ஃபவுண்ட் எ ப்ராப்ளம் இன் தி ரிப்போர்ட்" என்று தொடங்குங்கள். யார் கண்டுபிடித்தார், எப்போது என்பதெல்லாம் சிம்பிள் பாஸ்டில் வரட்டும்.

படி 2: நேரத்தின் கதவு மூடிவிட்டதா?

நேற்று, போன வாரம், 2019-ல், மூன்று நாள் முன்பு, நான் சிறுவனாக இருந்தபோது. இவையெல்லாம் மூடிய பெட்டிகள். ஆங்கிலத்தில் மூடிய பெட்டியோடு பிரசன்ட் பர்ஃபெக்ட் சேராது. "ஐ ஹேவ் மெட் ஹிம் எஸ்டர்டே" என்பது தவறு, "ஐ மெட் ஹிம் எஸ்டர்டே" என்பதே சரி.

தமிழர்கள் மிக அதிகமாக இடறும் இடம் இதுதான், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. காலையில் எழுந்து வாசல் நனைந்திருப்பதைப் பார்த்ததும் "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். நேரத்தையும் சொல்லி 'இருக்கிறது' என்றும் சொல்கிறோம். தமிழில் இந்த 'இருக்கிறது' ஊகத்தைச் சொல்கிறது: நான் கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறேன். ஆங்கிலப் பிரசன்ட் பர்ஃபெக்டுக்கு அந்த வேலை கிடையாது. அங்கே "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று நேரடியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊகத்துக்கென்றே இருக்கும் சொல்லைப் போட்டு "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று சொல்ல வேண்டும். நேரத்தைச் சொல்லாமல் "இட் ஹேஸ் ரெயின்ட்" என்றால் சரிதான்.

திறந்த பெட்டிகளும் உண்டு. இன்று, இந்த வாரம், இந்த ஆண்டு, இதுவரை, சமீபத்தில் ஆகியவற்றோடு பர்ஃபெக்ட் இயல்பாகச் சேரும். "திஸ் மார்னிங்" மட்டும் கொஞ்சம் நுணுக்கமானது. மணி பத்து என்றால் காலை இன்னும் முடியவில்லை, "ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹர் திஸ் மார்னிங்" எனலாம். மாலை ஐந்து மணிக்கு அதே சொற்களைச் சொன்னால் "ஐ ஸ்போக் டு ஹர் திஸ் மார்னிங்" என்றாக வேண்டும். சொல் ஒன்றுதான், கதவு மூடிவிட்டது.

மனிதரின் ஆயுளும் இப்படி ஒரு பெட்டிதான். "என் தாத்தா நான்கு புத்தகங்கள் எழுதியிருக்கிறார்" என்று தமிழில் சொன்னால் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது, யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். ஆங்கிலத்தில் "மை கிராண்ட்ஃபாதர் ஹேஸ் ரிட்டன் ஃபோர் புக்ஸ்" என்றால் அவர் உயிரோடு இருக்கிறார், ஐந்தாவது புத்தகமும் வரலாம் என்று பொருள். அவர் மறைந்துவிட்டார் என்றால் "ரோட்" தான். 1616-ல் மறைந்த ஷேக்ஸ்பியரைப் பற்றி "ஹேஸ் ரிட்டன்" என்று எழுதினால் படிப்பவருக்கு உறுத்தும். ஆனால் "ஷேக்ஸ்பியர் ஹேஸ் இன்ஃப்ளுயன்ஸ்ட் கவுன்ட்லெஸ் ரைட்டர்ஸ்" என்று சொல்வதில் தடையில்லை. அவர் மறைந்தாலும் அவருடைய தாக்கம் இன்னும் முடியவில்லை.

போய் வந்ததும் போய்விட்டதும் வேறு வேறு. "அவர் வெளிநாடு போயிருக்கிறார்" என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. இப்போது இங்கே இல்லை என்பது ஒன்று, வாழ்க்கையில் ஒருமுறையாவது போய் வந்தவர் என்பது இன்னொன்று. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. இங்கே இல்லை என்றால் "ஹி ஹேஸ் கான் அப்ராட்". போய்த் திரும்பியவர் என்றால் "ஹி ஹேஸ் பீன் அப்ராட்". எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "ஹேவ் யூ எவர் கான் அப்ராட்?" என்று கேட்பதைவிட "ஹேவ் யூ எவர் பீன் அப்ராட்?" என்று கேட்பதே நல்லது.

படி 3: இன்னும் தொடர்கிறதா?

"நான் மூன்று வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்." தமிழில் நிகழ்காலம் போதும். அதனால்தான் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்ற வாக்கியம் பிறக்கிறது. இதில் பிழை ஒன்றல்ல, இரண்டு. முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் காலத்துக்கு ஆங்கிலத்தில் பர்ஃபெக்ட் கட்டாயம். அடுத்து, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைச் சொல்லும், நீளத்தைச் சொல்ல 'ஃபார்' வேண்டும். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" அல்லது "சின்ஸ் 2022".

சின்ஸுக்குப் பின்னால் ஒரு முழு வாக்கியமே வந்தால், அது புள்ளியைக் குறிப்பதால் பெரும்பாலும் சிம்பிள் பாஸ்டில் இருக்கும், பிரதான வாக்கியம் பர்ஃபெக்டில் இருக்கும்: "ஐ ஹேவ் நோன் ஹர் சின்ஸ் வி வேர் அட் ஸ்கூல்."

இன்னொன்று. ஃபார் வந்தாலே பர்ஃபெக்ட் என்று நினைத்துவிட வேண்டாம். "ஐ லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் அந்தப் பத்து வருஷம் முடிந்துவிட்டது, இப்போது வேறெங்கோ இருக்கிறேன். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் இன்னும் இங்கேதான்.

படி 4: முடிவா, முயற்சியா?

சிம்பிள் பர்ஃபெக்டா (ஹேவ் ரிட்டன்), கன்டினியூவஸ் பர்ஃபெக்டா (ஹேவ் பீன் ரைட்டிங்) என்ற குழப்பம் முன்னேறிய மாணவர்களையும் விடாது. இதை ஒரு கதவை வைத்துப் பார்க்கலாம்.

நண்பர் ஒருவர் கதவைத் திறக்கிறார். கையெல்லாம் பெயின்ட், சட்டையில் இரண்டு சொட்டு, மூக்கில்கூட ஒரு கோடு. பின்னால் கதவு பாதி பச்சை, பாதி பழைய நிறம். நீங்கள் எதுவும் கேட்கும் முன்பே அவர் சொல்வது: "ஐ ஹேவ் பீன் பெயின்டிங் தி டோர்." கதவு முடிந்ததா என்பது இங்கே பேச்சில்லை. கையில் இருக்கும் பெயின்டுக்கு விளக்கம் அது. மறுநாள் போகிறீர்கள். கதவு முழுக்கப் பச்சை, காய்ந்து பளபளக்கிறது, அவர் கைகள் சுத்தமாக இருக்கின்றன. இப்போது அவர் சொல்வது: "ஐ ஹேவ் பெயின்டட் தி டோர்." நேற்று செயலைக் காட்டினார், இன்று கதவைக் காட்டுகிறார்.

இந்தக் கதவை மனதில் வைத்தால் மற்றவை தானாக விழும். 'எவ்வளவு நேரம்' என்பதற்குக் கன்டினியூவஸ், 'எத்தனை' என்பதற்குச் சிம்பிள். "ஐ ஹேவ் பீன் ரைட்டிங் லெட்டர்ஸ் ஆல் மார்னிங்", ஆனால் "ஐ ஹேவ் ரிட்டன் சிக்ஸ் லெட்டர்ஸ்". "ஐ ஹேவ் பீன் ரைட்டிங் சிக்ஸ் லெட்டர்ஸ்" என்று எண்ணையும் கன்டினியூவஸையும் சேர்த்தால் இடிக்கும். எண்ணிக்கை வந்துவிட்டது என்றால் முடிந்தவற்றை எண்ணியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அலுவலகத்தில் இது நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமாகவும் ஆகும். "ஐ ஹேவ் ரெட் யுவர் ரிப்போர்ட்" என்றால் முழுதும் படித்து முடித்தேன். "ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் ரிப்போர்ட்" என்றால் படித்துக்கொண்டிருக்கிறேன், முடிக்காமலும் இருக்கலாம். பாதிதான் படித்திருக்கிறீர்கள் என்றால் இரண்டாவதே நேர்மை. அதேபோல "ஹூ ஹேஸ் பீன் யூசிங் மை காம்ப்யூட்டர்?" என்ற கேள்வியில் ஒரு எரிச்சல் தொனி ஒட்டிக்கொள்ளும். கன்டினியூவஸ் தடயத்தைச் சுட்டுவதால் வருவது அது: நாற்காலி நகர்ந்திருக்கிறது, திரை திறந்திருக்கிறது.

சில வினைகள் கன்டினியூவஸை ஏற்பதில்லை. அறிவது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது, உரியதாக இருப்பது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அதனால் "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" தான். "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்று எங்கேயும் வராது. லிவ், வொர்க் இரண்டும் இரு பக்கமும் போகும். கன்டினியூவஸ் போட்டால் கொஞ்சம் தற்காலிகம் என்ற நிழல் விழும், அவ்வளவுதான்.

படி 5: பாஸ்ட் பர்ஃபெக்ட் உண்மையிலேயே வேண்டுமா?

இனி அந்த "ஹேட் சென்ட்" வாக்கியத்துக்குத் திரும்புவோம். "போன வாரம் அவர் வந்திருந்தார்" என்று நாம் சொல்லும்போது, வந்தார், கொஞ்ச நேரம் இருந்தார், போய்விட்டார் என்பதெல்லாம் அந்த 'இருந்தார்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குகிறது. 'வந்தார்' என்பதில் இல்லாத ஒரு முழுமை அதில் உண்டு. ஆங்கிலப் பாஸ்ட் பர்ஃபெக்டில் இந்தப் பொருள் இல்லை. அதன் முக்கிய வேலை இதுதான்: கடந்த காலத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கும்போது, அதற்கும் முந்தியதைச் சொல்வது. அந்த இரண்டாவது புள்ளி எழுத்தில் எங்கேயும் இல்லை என்றால் ஹேட் போடக்கூடாது. "ஹி கேம் லாஸ்ட் வீக்" போதும்.

புள்ளி இருக்கும்போது அதன் பலத்தைப் பாருங்கள். "வென் ஐ அரைவ்ட், ஷி லெஃப்ட்" என்றால் நான் வந்ததும் அவள் கிளம்பினாள், வந்ததால்கூட இருக்கலாம். "வென் ஐ அரைவ்ட், ஷி வாஸ் லீவிங்" என்றால் வாசலில் இருவரும் பார்த்துக்கொண்டோம். "வென் ஐ அரைவ்ட், ஷி ஹேட் லெஃப்ட்" என்றால் நாற்காலி காலி. மூன்று தனித்தனிக் காட்சிகள், மாறியது ஒரு வினையின் வடிவம்.

ஆஃப்டர், பிஃபோர் போன்ற சொற்கள் வரிசையைத் தாமே சொல்லிவிடுவதால் அங்கே ஹேட் பெரும்பாலும் விருப்பம்தான். "ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் தி வொர்க், ஐ வென்ட் ஹோம்" என்பதில் ஒரு குறையும் இல்லை. நான் எழுதும்போது தேவையில்லாத ஹேட்களை எடுத்துவிடுவேன், வாக்கியம் லேசாகிவிடும். ஆனால் பிஃபோரோடு ஒரு நுட்பம் உண்டு: "ஷி லெஃப்ட் பிஃபோர் ஐ ஹேட் ஃபினிஷ்ட்" என்றால் நான் முடிக்கும் முன்பே அவள் போய்விட்டாள். இங்கே ஹேட் வந்த செயல் முந்தியது அல்ல, அவள் போனபோது அது முடிந்திருக்கவில்லை.

கதையோ நீண்ட அறிக்கையோ எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் இன்னொரு பழக்கம். கடந்த காலக் கதையின் நடுவில் அதற்கு முந்திய நினைவுக்குள் போகும்போது, முதல் ஒன்றிரண்டு வினைகளுக்கு மட்டும் ஹேட் போட்டால் போதும். "ஷி ஓப்பன்ட் தி டிராயர். தி லெட்டர் வாஸ் கான். ஹர் பிரதர் ஹேட் விசிட்டட் ஹர் இன் மார்ச். ஹி சாட் பை தி விண்டோ அண்ட் ஆஸ்க்ட் அபவுட் ஓல்ட் பேப்பர்ஸ்." 'ஹேட் விசிட்டட்' என்றதும் வாசகர் மார்ச் மாதத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பின் ஒவ்வொரு வினைக்கும் ஹேட் போட்டு அவரை நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். திரும்ப மேசைக்கு வரும்போது "நௌ" போன்ற ஒரு சொல் கூட்டி வந்துவிடும்.

நிறைவேறாததைச் சொல்லவும் ஹேட் வரும். "இஃப் யூ ஹேட் டோல்ட் மி, ஐ வுட் ஹேவ் கம்" என்பது "சொல்லியிருந்தால் வந்திருப்பேன்". அச்சு அசலாகத் தமிழின் அமைப்பே, இங்கே தயங்கவே வேண்டாம். "ஐ ஹேட் ஹோப்ட் டு மீட் யூ" என்றால் சந்திக்க நினைத்தேன், நடக்கவில்லை என்பது சொல்லாமலே தெரியும்.

படி 6: வில் ஹேவும் வுட் ஹேவும்

ஃபியூச்சர் பர்ஃபெக்டை விதியாகக் கற்பது எளிது. ஒரு எதிர்காலப் புள்ளி, அதன் முன்னால் 'பை'. "பை ஃபிரைடே ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் இட்", வெள்ளிக்கிழமைக்குள் முடித்திருப்பேன். கால நீளம் சேர்ந்தால் "நெக்ஸ்ட் ஜூன் ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்". வென், அன்டில், ஆஃப்டர், பை தி டைம் போன்ற சொற்களுக்குப் பின்னால் மட்டும் வில் வராது. "வென் யூ ஹேவ் ஃபினிஷ்ட், கால் மி" என்று பிரசன்ட் பர்ஃபெக்டே எதிர்காலத்தைச் சுமந்துவிடும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் 'வந்திருப்பார்' என்பது இரண்டு வேலை செய்கிறது. "இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்" என்று ஊகிக்கிறோம். "சொல்லியிருந்தால் போயிருப்பார்" என்று நடக்காததையும் அதே வடிவில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது வில் ஹேவ், இரண்டாவது வுட் ஹேவ். நம்மில் பலர் இரண்டுக்கும் வுட் ஹேவையே போட்டுவிடுகிறோம். "ஹி வுட் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நௌ" என்று கேட்பவர், 'ஏதோ தடை வந்திருக்கிறது, அதனால் போய்ச் சேரவில்லை' என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. சேர்ந்திருப்பார் என்று நம்பினால் "ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நௌ".

'வந்திருக்க வேண்டும்' என்பதும் இதே மாதிரிதான். வந்துவிட்டார் என்ற ஊகம் என்றால் "ஹி மஸ்ட் ஹேவ் கம்". வரவேண்டியவர் வரவில்லை என்ற குறை என்றால் "ஹி ஷுட் ஹேவ் கம்". தமிழில் குரலும் சூழலும் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலத்தில் சொல்லே பிரித்தாக வேண்டும். வந்த ஒருவரைப் பார்த்து "நீங்கள் வந்திருக்க வேண்டியதில்லை" என்பதற்கு "யூ நீடன்ட் ஹேவ் கம்". "யூ டிடன்ட் நீட் டு கம்" என்றால் தேவை இருக்கவில்லை என்பது மட்டும்தான், வந்தாரா இல்லையா என்பது திறந்தே இருக்கிறது.

படித்துவிட்டு, முடித்துவிட்டு என்ற நம் வினையெச்சங்களுக்கு ஈடாக 'ஹேவிங் ரெட்', 'ஹேவிங் ஃபினிஷ்ட்' உண்டு. எழுத்தில் நன்றாக இருக்கும், பேச்சில் கொஞ்சம் கனம். இரண்டு செயலையும் செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அதை மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டு சின்னக் குறிப்புகள்

"திஸ் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம்" என்று தொடங்கினால் பின்னால் பர்ஃபெக்ட்: "திஸ் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் ஸ்போக்கன் இன் பப்ளிக்." முதல்முறையாக இப்போது செய்துகொண்டிருந்தாலும் 'ஆம் ஸ்பீக்கிங்' வராது. இதுவரைக்கும் எண்ணிப் பார்த்தேன், இது ஒன்று என்பதுதான் அதன் கணக்கு. அந்த எண்ணிக்கையைக் கடந்த காலத்துக்குத் தள்ளினால் "இட் வாஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேட் ஸ்போக்கன்".

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகியவற்றோடு பிரிட்டிஷ் வழக்கு பர்ஃபெக்டை விரும்பும்: "ஹேவ் யூ ஃபினிஷ்ட் யெட்?" அமெரிக்கப் பேச்சில் "டிட் யூ ஃபினிஷ் யெட்?" என்பதும் இயல்பு. இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் நல்லது.

ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதம் ஒன்று, இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "ஐ ஹேட் ஜாயின்ட் தி டீம் இன் 2021. ஐ ஆம் ஹேண்ட்லிங் தி அக்கவுண்ட்ஸ் சின்ஸ் த்ரீ இயர்ஸ். லாஸ்ட் மன்த் ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் எ கோர்ஸ். திஸ் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் அப்ளையிங் ஃபார் எ சீனியர் போஸ்ட். மை மேனேஜர் வுட் ஹேவ் ரிசீவ்ட் யுவர் ஈமெயில் பை நௌ."

முதல் வாக்கியத்தில் கடந்த காலத்தில் இரண்டாவது புள்ளி எங்கே? இல்லை. பெட்டியும் மூடியிருக்கிறது, 2021. ஆக "ஐ ஜாயின்ட்". இரண்டாவது இன்றுவரை தொடர்வது, நீளமும் சொல்லப்பட்டிருக்கிறது. "ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங் தி அக்கவுண்ட்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்." மூன்றாவதில் போன மாதம் என்ற மூடிய பெட்டி, எனவே "லாஸ்ட் மன்த் ஐ கம்ப்ளீட்டட்". ஆனால் இங்கே எழுதுபவருக்கு ஒரு தேர்வும் இருக்கிறது. எப்போது முடித்தார் என்பது முதலாளிக்கு முக்கியம் இல்லை, அந்தத் திறமை இப்போது கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அப்படியானால் நேரத்தையே எடுத்துவிட்டு "ஐ ஹேவ் ரீசன்ட்லி கம்ப்ளீட்டட் எ கோர்ஸ்" என்று எழுதலாம். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன். நான்காவது "ஐ ஹேவ் அப்ளைட்".

கடைசி வாக்கியத்துக்கு வருவோம். 'பெற்றிருப்பார்' என்ற நம்பிக்கையைத்தான் எழுதியவர் சொல்ல வந்தார். வுட் போட்டதால் மின்னஞ்சல் போய்ச் சேரவில்லையோ என்ற சந்தேகம் படிப்பவருக்கு எழும். ஒரு சொல்லை மாற்றினால் சந்தேகம் போய்விடும்: "மை மேனேஜர் வில் ஹேவ் ரிசீவ்ட் யுவர் ஈமெயில் பை நௌ."